இருநூற்றுப் பதினோராம் பக்கத்து வீடு

மருந்துக்கடைக்காரர் தான் கொலையுண்டு முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு நூலகத்துக்கு வந்து, தன் கொலையைப் பற்றிய புத்தகம் உள்ளே இருக்கிறதா, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்று விசாரித்தார். ஒன்பது பிரதிகளில் எட்டு எப்போதும் யார் வீட்டிலாவது இருக்கும். ஒன்பதாவது இரவல் தராத பிரதி, கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் இருந்தது. உறுப்பினர் அட்டை இல்லாதவர்கள் இங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும் என்று நூலகர் விதியைச் சொன்னாள். அவர் சரி என்று வருகைப் பதிவேட்டில் பெயரெழுதி, முகவரிக் கட்டத்தில் சற்றுத் தயங்கிவிட்டுத் தன் பழைய கடையின் கதவிலக்கத்தைப் போட்டார். அங்கே இப்போது செல்போன் பழுது பார்க்கிறார்கள் என்று அவள் சொன்னபோது, இருக்கட்டும், கடிதமெல்லாம் யாரும் எனக்குப் போடப்போவதில்லை என்றார்.

நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் அவருக்கு ஒரு நாள்கூட ஆகியிருக்கவில்லை. முழுக்கைச் சட்டை, மேல்பையில் இரண்டு பேனா, தொழில் தெரிந்த கையால் பின்மண்டையில் கச்சிதமாகச் சுற்றிய கட்டுத்துணி. தினமும் மாலை நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு அந்தக் கட்டில் இரத்தம் கசிய ஆரம்பித்து, நாலேகாலைத் தாண்டித்தான் நிற்கும் என்றும், அதற்கு முன்பே தான் கிளம்பிவிடுவதாகவும், நாற்காலிக்கு ஒன்றும் ஆகாது என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த செய்தித்தாள் வாசகர்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்கள். அவர் வந்த காரணமும் சாதாரணமானதுதான். கீழ்த்தட்டில் இருந்த இருமல் மருந்தை எடுக்கக் குனிந்தவரை யாரோ பின்னாலிருந்து அடித்திருக்கிறார்கள். யாரென்று அவர் பார்க்கவில்லை.

"ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. படிச்சவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தாம்மா தெரியல," என்றார்.

கஷ்டம் என்னவென்றால் அவருடைய மூக்குக்கண்ணாடி வழக்கின் நான்காவது சான்றுப்பொருளாகி நீதிமன்றக் காப்பறையில் இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தலைப்புகூடத் தெரியவில்லை. மதிய இடைவேளையில் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டாள். பேசும்போதெல்லாம் தலையைச் சற்றுத் திருப்பி வலது காதைக் கொடுப்பாள். சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் இடது காது போய்விட்டது.

அவளுக்கு ஊர் வைத்த பெயர் சாட்சி மகள். அந்தப் பெயருக்குக் காரணமும் இதே வழக்குதான். அவளுடைய அப்பா மருந்துக்கடைக்கு நேர் எதிரே கடிகாரம் பழுது பார்த்தவர். கொலை நடந்த அன்று, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவன் மருந்துக்கடையிலிருந்து வெளியேறியதைப் பார்த்ததும், அப்போது மணி நாலு பதினேழு என்பதும் அவர் கொடுத்த சாட்சி. வெள்ளைக் கோட்டு அந்தக் கடையில் மருந்து கலக்கிய கம்பவுண்டருடையது. கோட்டு இரத்தக் கறையோடு கடையின் கொல்லைப்புறச் சாக்கடையில் கிடைத்தது. எதிர்த்தரப்பு வக்கீல், உங்கள் கடிகாரம் தவறாக ஓடியிருந்தால் என்று மடக்கப் பார்த்தபோது, "ஒண்ணு தப்பலாம்யா. பன்னிரண்டும் சேர்ந்து தப்பாது," என்றார் அப்பா. அவர் கடைச் சுவரில் பன்னிரண்டு கடிகாரங்கள் இருந்தன. அந்த ஒரு பதிலில் இருபத்தேழு வயதுக் கம்பவுண்டருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. கடிகாரக்காரர் ஊரின் மனச்சாட்சி ஆனார்.

பிறகு எழுத்தாளர் வந்தார். பெரிய நகரத்துப் பத்திரிகை ஒன்றில் வேலை பார்த்தவர், லாட்ஜில் பதினோரு மாதம் தங்கி, ஒருவர் விடாமல் பேசி, மூன்றாம் ஆண்டில் புத்தகத்தைக் கொண்டுவந்தார். புத்தகத்துக்கு நீளமான ஒரு தலைப்பு உண்டு. உள்ளூரில் அதை யாரும் சொன்னதில்லை, எல்லாருக்கும் அது கேஸ் புத்தகம்தான். முப்பது ஆண்டுகளில் சட்டக் கல்லூரிகளில் பாடமானது, பல மொழிகளுக்குப் போனது, எப்படி எழுத வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறவர்கள் முதலில் கையில் எடுக்கும் புத்தகமானது. வெளியூர்க்காரர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவை அளந்தார்கள். முக்கிலிருந்த டீக்கடை தன் பெயரை நாலு பதினேழு என்று மாற்றிக்கொண்டது. நகராட்சி சந்திப்பில் ஒரு கடிகாரக் கம்பம் நட்டு அப்பாவின் பெயரைப் பொறித்தது. நேர்மையான சாட்சியின் மகளுக்கு நூலகத்தில் வேலை கொடுக்க யாரும் இரண்டு முறை யோசிக்கவில்லை.

ஆனால் அவள் புத்தகங்களிடம் வந்து சேர்ந்தது வேலைக்காக அல்ல, எழுத்தாளருக்காக. அவர் தினமும் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். அவள் அப்போது ஒன்பது வயதுப் பெண். அவருடைய பென்சில்களைச் சீவிக் கொடுப்பாள். அவர் ஊரைவிட்டுப் போகும்போது அவளுக்குப் பன்னிரண்டு வண்ணப் பென்சில்கள் உள்ள தகரப்பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில், ‘பென்சில் சீவிக் கொடுத்த குட்டிப்பெண்ணுக்கும்’ என்று ஒரு வரி உண்டு. பள்ளிக்கூடத்தில் அந்தப் பக்கத்தை அவள் காட்டாத ஆள் இல்லை. கேஸ் புத்தகத்தை அவள் பதினாறு முறை படித்திருந்தாள். ஒரு வீட்டில் பெரியவர்களை நம்புவதுபோல அதை நம்பினாள்.

ஆக, மருந்துக்கடைக்காரருக்கு அதை வாசித்துக் காட்டுவது அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. அவரும் நல்ல வாசகர். கொட்டாவி விடவில்லை, முடிவைச் சொல் என்று நச்சரிக்கவில்லை. தன் கடையின் வர்ணனை வந்தபோது மேசையில் விரலால் கோடு போட்டு, அலமாரி இந்தப் பக்கம்தான், சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்றார். தன்னைக் கருமி என்று எழுதியிருந்த இடத்தில் சிரித்தார். மூன்றாவது வாரத்துக்குள் மதிய நேரத்தில் எட்டுப் பத்துப் பேர் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் சாப்பாட்டு டப்பாவோடு வருவார். எல்லாருக்கும் கதை மனப்பாடம். இருந்தாலும் கொலையாளியின் பெயர் வரும் பக்கம் நெருங்க நெருங்க யாரும் வாயைத் திறக்காமல் காத்துக்கொண்டார்கள். செத்தவருக்கு அந்தச் சுவாரசியத்தையாவது கெடுக்கக் கூடாது என்ற மரியாதை.

கம்பவுண்டர் கைதான இடத்தை அவள் வாசித்தபோது அவர் கட்டுத்துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அவனா?" என்று மட்டும் கேட்டார். பதினான்கு வயதில் கடைக்கு வந்தவன், அளவுக் குடுவையைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான், என் தட்டில் சாப்பிட்டவன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் அவர் பழைய கடை வாசலில், செல்போன் கண்ணாடி மாற்ற வந்தவர்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்ததாகத் தபால்காரர் தகவல் கொண்டுவந்தார்.

நான்காம் நாள் வந்து உட்கார்ந்து, மேலே படிம்மா என்றார். அப்பாவின் சாட்சியம் வரும் அத்தியாயம் அன்று. நாலு பதினேழு என்ற இடத்தில் அவர் கையைத் தூக்கினார். தான் அடிபட்டபோது மணி என்ன என்று அவருக்கு இதுவரை தெரியாது. கட்டில் இரத்தம் கசியும் நேரம் ஏதோ உடம்பின் பழக்கம் என்று நினைத்திருந்தார். நாலு மணிக்கு மேலேயா நடந்தது, அதற்கு முன்பே அவனை ஒரு வேலையாக வெளியே அனுப்பியிருந்தேனே என்று குழம்பினார். திரும்பி வந்திருப்பார் சார் என்றாள் அவள். அப்பாவின் பன்னிரண்டு கடிகாரங்கள் அவள் பின்னால் நின்றன.

மறுநாள் இருநூற்றுப் பதினோராம் பக்கம் வந்தது. அதில் நடுப்பகுதியில் ஒரு வரி. ‘அந்த நேரத்தில் ஒரு வீட்டுக்கு மருந்து கொண்டுபோனதாகக் குற்றவாளி சொன்னார், அப்படி யாரும் வரவில்லை என்று அந்த வீட்டுப் பெண்மணி மறுத்துவிட்டார்.’ பதினாறு முறையும் அவள் நிற்காமல் தாண்டிப் போன வரி. மருந்துக்கடைக்காரர் நிறுத்தச் சொன்னார்.

"எந்த வீடுன்னு போட்டிருக்கானா?"

"இல்ல சார். ஒரு வீடுன்னுதான் இருக்கு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். நாலுக்குக் கால் மணி இருக்கும்போது கலவை மருந்து ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பினேன். வெளியே போகிறவன் என்று கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். நடந்துபோக இருபது நிமிஷம் ஆகும் தூரம். எதிர்க்கடைக் கடிகாரக்காரர் பெண்ணுக்கு மூன்று நாளாக விடாத காய்ச்சல், முதல் வேளையை நீயே அளந்து கொடுத்துவிட்டு வா என்று சொல்லியிருந்தேன். "உங்க வீடும்மா," என்றார்.

தபால்காரர் டப்பாவை மூடினார். அவள் புத்தகத்தில் விரலை வைத்தபடியே இருந்தாள். அவளுக்கு அந்தக் காய்ச்சலில் ஒன்றே ஒன்று ஞாபகம் இருந்தது: ஓர் ஆணின் கை, கரண்டி, கற்பூரம் கலந்த மருந்துக்கடை வாசம், முழுங்கு பாப்பா என்ற குரல். அது டாக்டர் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

அன்று அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துவந்து கூடத்தில் மடித்துக்கொண்டிருந்தாள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இறந்த அப்பா சுவரில் படமாக இருந்தார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து கொடுத்தது யார் என்று மகள் கேட்டாள். அம்மா ஒரு தலையணை உறையை நான்காக மடித்து, எட்டாக மடித்தாள்.

"யார் சொன்னா?"

"மருந்துக்கடைக்காரர்."

"வந்துட்டாரா," என்றாள் அம்மா, வெகுநாளாக எதிர்பார்த்த உறவினரைப் பற்றிச் சொல்வதுபோல.

அதன்பிறகு அவளாகவே சொன்னாள். கம்பவுண்டர் வந்தபோது நாலு மணி ஐந்து நிமிஷம். வெந்நீர் ஆறும்வரை காத்திருந்து, வீட்டுச் சுவர்க்கடிகாரம் நாலேகால் அடிக்கும்போது முதல் வேளையைக் கொடுத்தான். அடுத்தது எட்டு மணிக்கு, மறக்காதீங்க என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனான். அப்பா அன்று ஏழு மணிக்கு வந்தார். அதற்குள் போலீஸ் நிலையத்தில் சொல்லவேண்டியதைச் சொல்லி, கையெழுத்தும் போட்டு, வாசலில் நின்ற பத்திரிகைக்காரர்களிடம் பன்னிரண்டு கடிகாரக் கணக்கையும் சொல்லிவிட்டு வந்திருந்தார். வெள்ளைக் கோட்டின் முதுகைத்தான் அவர் பார்த்திருந்தார், முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் கம்பவுண்டர் நம் வீட்டில்தான் இருந்தான் என்று அம்மா சொன்னதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, மருந்து பாட்டிலை வாஷ்பேசினில் கவிழ்த்துக் கழுவி, லேபிளைச் சுரண்டிவிட்டு, யாரும் வரல, புரியுதா என்றார். போலீஸ் எப்படியும் சரியான ஆளைக் கண்டுபிடித்துவிடும், நாம் எதற்கு நடுவில் என்பதுதான் அவர் சொன்ன சமாதானம். ஊரில் இருந்ததே அந்த ஒரு மருந்துக்கடை. அதற்கும் போலீஸ் சீல் வைத்துவிட்டது. காய்ச்சல் மேலும் நான்கு நாள் அடித்தது. காது அதில்தான் போனது.

"அப்புறம் தினம் தினம் சொல்லலாம்னு நினைப்பேன். ஒவ்வொரு நாளும் நேத்தைவிட லேட்டாயிடுச்சு," என்றாள் அம்மா.

அம்மா விடாமல், இன்னொன்றும் இருக்கிறது, அதையும் கேட்டுக்கொள் என்றாள். ஒரே ஒருவரிடம் சொல்லியிருந்தாள். எழுத்தாளர் ஊரைவிட்டுப் போக ஒரு வாரம் இருக்கும்போது, அப்பா கடையிலிருந்து வருவதற்கு முன்னால், பின்வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். அவர் டீயைக் குடித்து முடித்தார், நோட்டுப் புத்தகத்தை மூடினார், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்றார். பெண்ணுக்கு வண்ணப் பென்சில் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பா மறைத்ததைவிட, இன்னும் சொல்லப்போனால் காது போனதைவிட, இது அவளுக்கு அதிகமாக வலித்தது. அதற்காக அவள் தன்மீதே கோபப்பட்டாள். அப்பா பயந்தவர். அம்மா அவருக்குப் பயந்தவள். எழுத்தாளருக்கு என்ன பயம்? அந்தப் புத்தகத்தில் அவளுக்கு இரண்டு இடங்கள் இருந்தன. நன்றிப் பக்கத்தில் பென்சில் சீவும் குட்டிப்பெண். இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில், காய்ச்சலோடு படுத்திருந்தும் இல்லாமல் ஆக்கப்பட்ட குழந்தை. இரண்டையும் ஒரே பென்சிலால், ஒருவேளை அவளே சீவிக் கொடுத்த பென்சிலால் எழுதியிருக்கிறார்.

கம்பவுண்டர் பத்தொன்பது ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டு, வேறு போக்கிடம் இல்லாமல் இதே ஊருக்குத் திரும்பியிருந்தார். புறவழிச்சாலையில் லாரிகளை எடை போடும் எடைமேடையில் அவருக்கு வேலை. தகரக் கூரை போட்ட அறை, உள்ளே ஒரு கட்டில், ஓர் எண் பலகை, சீட்டு அச்சடிக்கும் சின்ன இயந்திரம். பதினான்கு ஆண்டுகளாக ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் போனால் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள். சாட்சி மகள் பேருந்திலிருந்து இறங்கி வெயிலில் நடந்து போனாள். ஜல்லி லாரி ஒன்றுக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டு அவர் திரும்பினார். யார் நீங்க என்றார். கடிகாரக்காரர் மகள் என்றாள். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"பாப்பா, எட்டு மணிக்கு ரெண்டாவது டோஸ் குடுத்தாங்களா?"

இயந்திரச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. வலது காதைத் திருப்பினாள். அவர் அதைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து, முட்டி இரண்டையும் பிடித்துக்கொண்டு, "குடுக்கல," என்று அவரே சொல்லிக்கொண்டார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்க வந்தவள், சொல்ல வந்தது அவ்வளவும் அவருக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதை அப்போதுதான் யோசித்தாள். உலகத்தில் அந்த வழக்கின் உண்மையைத் தெரிந்துகொள்ளப் புத்தகம் தேவைப்படாத முதல் ஆள் அவர்தான்.

வழக்கை மறுபடி திறக்க முடியுமா என்று அவள் அலைந்து பார்த்தாள். மருந்துக்கடைக்காரரின் வாக்குமூலத்தை நோட்டரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடையாளச் சான்று வேண்டும் என்றார். இவரிடம் இருந்த ஒரே அரசுச் சான்று இறப்புச் சான்றிதழ். அதைக் காட்டியதும், இதில் உயிரோடு இல்லை என்று போட்டிருக்கிறதே, வேறு ஏதாவது கொண்டுவாருங்கள் என்றார். கொலையுண்டவர் தன் வழக்கிலேயே சாட்சி சொன்னதற்கு முன்மாதிரி இல்லை என்று அரசு வக்கீல் அலுவலகம் எழுதித் தந்தது. அம்மாவைக் கையோடு கூட்டிப்போய்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்க வைத்தாள். குற்றவாளி தண்டனையை முழுதாக அனுபவித்துவிட்டதால் இனி நிவாரணம் கேட்க எதுவும் மிச்சமில்லை என்று அதற்கும் பதில் வந்தது. கம்பவுண்டர், விடு பாப்பா, வேலை கெடுது என்றார்.

அந்த ஆண்டு புத்தகத்துக்கு முப்பது வயது. பதிப்பகத்தார் சிறப்புப் பதிப்பு போட்டு, கொலை நடந்த ஊரின் நூலகத்திலேயே வெளியிட வேண்டும் என்று மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டார்கள். விழா நேரம் மாலை நான்கு மணி. நாலு பதினேழுக்குச் சரியாகப் புத்தகத்தை வெளியிடுவதாக ஏற்பாடு. நூலகர் என்ற முறையில் நாற்காலி போட்டு, மைக் வைத்து, வரவேற்புரையும் அவள்தான் சொல்ல வேண்டும். எழுத்தாளர் எழுபத்தொன்பது வயதில், கைத்தடியோடு, வெள்ளைச் சட்டையில் வந்தார். அவளைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, என் குட்டிப்பெண் என்று கூட்டத்துக்குக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. அவள் வரவேற்புரையை எழுதியபடியே வாசித்தாள். முன்வரிசையில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். நாலு ஐந்துக்குக் கட்டில் இரத்தம் கசிய ஆரம்பித்து, வாடகைக்கு எடுத்த வெள்ளை நாற்காலி உறையில் இறங்கியது. உறைக்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்டு போனார்.

புத்தகம் வெளியிடப்பட்டு, கேள்வி கேட்கலாம் என்று சொன்னதும் முதலில் எழுந்தவர் மருந்துக்கடைக்காரர்தான். எழுத்தாளர் அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். எத்தனை புகைப்படங்களை மாதக்கணக்கில் பார்த்திருப்பார்.

"அய்யா, நல்லா எழுதியிருக்கீங்க. என்னைக் கொன்னது யாருன்னு உண்மையிலேயே உங்களுக்குத் தெரியுமா?"

எழுத்தாளர் கைத்தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "தெரியாது," என்றார். "தெரியாதுன்னு முடிச்சிருந்தா யாரும் படிச்சிருக்க மாட்டாங்க."

பெரிய மனிதரின் நகைச்சுவை என்று நினைத்துக் கூட்டம் சிரித்து, மறுபடியும் கைதட்டியது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் சாட்சி மகள் மைக்கை எடுத்து இருநூற்றுப் பதினோராம் பக்கத்து வரியை வாசித்தாள். அந்த வீடு எங்கள் வீடு என்றாள். காய்ச்சலில் கிடந்தது நான் என்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா யாரும் கேட்காமலே எழுந்து நின்றாள். கூட்டத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

"எங்கம்மா உங்ககிட்ட சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க," என்றார் எழுத்தாளர்.

"ஏன் எழுதல?"

அவர் நேராகத்தான் பதில் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை என்பதை ஊர் பிறகு வெகுநாள் பெருமையாகப் பேசிக்கொண்டது. "அவங்க சொன்னப்போ புத்தகம் மனசுக்குள்ள முடிஞ்சிருச்சும்மா."

"அவருக்கு இன்னும் பதினேழு வருஷம் இருந்துச்சு," என்றாள் அவள்.

மைக்கை யாரோ அணைத்துவிட்டார்கள். பிறகு நடந்ததுதான் அவளுக்குக் கடைசிவரை ஆறவில்லை. யாரும் எழுத்தாளரைத் திட்டவில்லை. பெற்றவர் பெயரை மேடையில் கெடுத்தவள் என்று அவளைத்தான் பேசினார்கள். நாலு பதினேழு டீக்கடைக்காரர், இவளுக்கு இனி டீ இல்லை என்றார். விழாக்குழுவினர் கையெழுத்து வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். அந்த வரிசையில் மருந்துக்கடைக்காரரும் நின்றார், வந்ததற்கு ஒரு பிரதி இருக்கட்டும் என்று. எழுத்தாளர் அவர் பெயரைக் கேட்காமலே சரியாக எழுதி, ‘அன்புடன்’ என்று போட்டுத் தேதியிட்டுக் கொடுத்தார். அவளை நிமிர்ந்து பார்க்காமல், பென்சிலெல்லாம் இன்னும் இருக்கா என்று கேட்டார். அவள் காதில் விழாததுபோல் இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிறப்புப் பதிப்பு விற்றுத் தீர்ந்தது. அடுத்த அச்சில், புதிய சர்ச்சையுடன் என்று அட்டையில் ஒரு வரி சேர்த்தார்கள். உள்ளே ஓர் எழுத்தும் மாறவில்லை. எழுத்தாளர் இரண்டு ஆண்டு கழித்துத் தூக்கத்தில் இறந்தார். பத்திரிகைகள் முழுப் பக்கம் போட்டன. சந்திப்புக் கடிகாரத்தில் அப்பாவின் பெயரை எடுக்கச் சொல்லி அவள் கொடுத்த மனு படிவம் சரியில்லை என்று மூன்று முறை திரும்பியது. நான்காம் முறை எண் கொடுத்தார்கள், அந்த எண்ணோடு சரி. கேஸ் புத்தகத்தின் ஒன்பது பிரதிகளையும் அவள் கதைப் புத்தகங்களோடு அடுக்கினாள். மேலிடத்து ஆள் சோதனைக்கு வரும்போதெல்லாம் பழைய இடத்துக்கே மாற்றினார்; அவர் போனதும் அவள் திருப்பி அடுக்கினாள். இது நான்கு ஆண்டு நடந்தது.

அம்மாவும் அவளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சமையல் நடந்தது, துணி மடிக்கப்பட்டது, மாத்திரை வேளாவேளைக்கு எடுத்து வைக்கப்பட்டது. சாப்பிட வா, மழை வருது, கேஸ் சிலிண்டர் முடிஞ்சுபோச்சு என்பதற்கு மேல் பேச்சில்லை. அம்மாவை அவள் ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் தேவலை என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லி அழுததாகக் கேள்வி.

மருந்துக்கடைக்காரர் விழா முடிந்த மறுநாள் எடைமேடைக்குப் போனார். மூன்று நாள் உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றார். கம்பவுண்டர் சிரித்தார். சிறையில் பத்தொன்பது வருஷமும் உங்கமேலதான் கோபம், இப்படிச் செத்து என்னை மாட்டிவிட்டீங்களே என்று தினமும் திட்டியிருக்கிறேன் என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. யார் கொன்றது என்பது இருவருக்குமே தெரியாது; தெரியாமலே இருந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் மருந்துக்கடைக்காரர் அங்கேயே தங்கிவிட்டார். லாரி ஓட்டுநர்கள் முதல் வாரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து தலைவலிக்கும் வயிற்றுக்கடுப்புக்கும் அவரிடம் கேட்க ஆரம்பித்தார்கள். அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது.

ஐந்தாம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. வழக்கம்போல நூலகத்து ஆட்களையும் அந்த வேலைக்குப் போட்டார்கள்; புறவழிச்சாலைப் பகுதி சாட்சி மகளுக்கு வந்தது. எடைமேடை அறையில் எத்தனை பேர் என்று படிவத்தில் உள்ளபடி கேட்டாள். ரெண்டு பேர் என்றார் கம்பவுண்டர். இரண்டாமவருக்கு வயது நாற்பத்தெட்டு, தொழில் மருந்துக்கடை, பிறந்த ஊர் இதே ஊர். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்ற கட்டம் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளின்னு போடு பாப்பா என்றார் கம்பவுண்டர். உள்ளே வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தவர், இப்போ நான் எங்க முதலாளி, அவன் வீட்ல அவன் போடற சோத்தைத் தின்னுட்டு இருக்கேன் என்றார். உறவினர் அல்லாதவர் என்பதற்கு ஒரு குறியீட்டெண் இருந்தது. அவள் அதைப் போடவில்லை. தம்பி, அண்ணன் என்பதற்கெல்லாம் பொதுவான எண்ணைப் போட்டு, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து தன் படிவத்தையும் எழுதினாள். அம்மா எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உறவுக் கட்டத்தில் பேனாவை வைத்தபடி அவள் வெகுநேரம் இருந்தாள். அம்மா உரிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பேனா முனையையே பார்த்தாள். மகள் தாய் என்பதற்கான எண்ணை எழுதி முடித்தாள். மறுநாள் அலுவலகத்தில் அவளுடைய படிவக் கட்டு முழுவதையும் கணினியில் ஏற்றிச் சரிபார்த்தார்கள். எடைமேடைக்காரர்கள் இருவர், கடிகாரக்காரர் வீட்டில் இருவர், பிழை எதுவும் இல்லை என்று சீட்டு வந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டு நூலகம் திறக்கப் போனாள்.